பகல் சோறு

"இன்னா மேஸ்திரி, வீடு கட்றியா, கோட்டை கட்றியா? ஒரு சுவத்துக்கு ஒரு மாசமா?"

இனாயத்துல்லா போட்ட சத்தத்தில், பூவரச மரத்தடியில் படுத்திருந்த மாசிலாமணி மேஸ்திரி ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

"சோறு செரிக்கட்டும் பாய்."

மணி நாலு. இனி எழுந்து கலவை போட்டால் இருட்டிவிடும்.

இனாயத்துல்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாலுக்கா ஆபீசுக்கு நாயாய் அலைந்து பர்மிட்டில் வாங்கிய சிமென்ட், பழவேற்காட்டு உப்புக் காற்றில் மூட்டையிலேயே கல்லாகிக்கொண்டிருந்தது. செங்கல் விலை வாரத்துக்கு வாரம் ஏறியது. ரம்ஜானுக்குள் உங்கள் மகளைத் தனி வீட்டில் குடிவைக்கிறேன் என்று மாமனாரிடம் மார்தட்டியிருந்தான். மானம் போய்விடும் போலிருந்தது.

மறுநாளே மீஞ்சூரிலிருந்து கோபால் மேஸ்திரியையும் கூட்டி வந்தான். நாற்பது நாளில் கூரை போடும் புலி என்று பேர். மத்தியானத்துக்குள் அடுத்த சுவர் இடுப்புயரம் எழும்பிவிட்டது. இனாயத்துல்லாவுக்கு உச்சி குளிர்ந்தது.

அப்போதுதான் அவன் அம்மா கைருன் பீவி தூக்குச் சட்டிகளோடு வந்தாள். எறாத் தொக்கு, மடவை மீன் குழம்பு, குண்டான் நிறையச் சோறு.

"கூச்சப்படாம போட்டுக்கப்பா."

இரண்டு மணிக்கு, மாசிலாமணிக்குப் பக்கத்தில் புலியும் குறட்டை விட்டது.

"யம்மா! ஊருல கொத்தனாருக்கு டீயோட சரி. நீ விருந்து போட்டுத் தூங்க வெக்கிற! நாளையிலேர்ந்து சோறு கிடையாது!"

கைருன் பீவியின் கண் கலங்கிவிட்டது.

"வீடு முடிஞ்சா நீயும் மருமவளும் போயிடுவீங்களேடா. மழைக்காலம் வரைக்குமாவது இழுக்கட்டும்னுதான்..."

அவனுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்தான். அவன் மனைவி அக்தர் பேகம் அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டியா சேதி? நம்மள அனுப்ப மனசில்லாம, மேஸ்திரிங்களுக்கு வயித்த ரொப்பித் தூங்க வெச்சிருக்குது எங்கம்மா!"

அக்தர் நிமிரவில்லை.

"மாமிய ஒண்ணும் சொல்லாதீங்க. அவங்க சோறு வடிக்கிறதோட சரி. தூக்கம் வர்ற மாதிரி குழம்பு வெக்கிறது நானு."

"நீயா? தனி வீடு உனக்காகத்தானே!"

"எங்க அத்தா கேட்டாரு, நீங்க சொன்னீங்க. என்னை யாரு கேட்டா? மாமிய விட்டுட்டு நான் எங்க போவேன்?"

அக்தர் மசாலாவை வழித்துக் கிண்ணத்தில் போட்டாள்.

"அது சரி, புது மேஸ்திரி எத்தினி மணிக்குத் தூங்கினாரு?"

"ரெண்டு மணிக்கு."

"அவ்ளோ நேரமாச்சா? நாளைக்கு எறா இன்னும் ரெண்டு கூறு சேத்து வாங்கியாங்க."