ஓடக்காரியின் கை

“இதை வரைஞ்சது மனுஷக் கையே இல்லை” என்றார் மந்திரி.

மடிக்கணினித் திரையில் மூன்று முகங்கள். நடுவில் இருந்த வழுக்கைத் தலைக்காரர்தான் ஒரு வீடியோ கேமின் ரசிகர் மன்றத் தலைவர். அந்த மன்றத்தில் யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை, எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். அவர் மந்திரி. திரைக்கு இந்தப் பக்கம் இருந்தவள் சுண்டெலி.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் சாப்பாட்டு அறையில், டப்பாவைத் திறக்கும் நேரத்தில் அழைப்பு வந்திருந்தது. கூடவே வேலை பார்க்கும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒல்லிக்குச்சியான சுண்டெலிக்காகப் பெரிய அளவுக் கையுறைப் பெட்டி ஒன்றைத் தினமும் தனியாக எடுத்து வைப்பவள் அவள்தான்.

சுண்டெலி வரைந்தது ஓடக்காரியை. அந்த வீடியோ கேமில் அப்படி ஒருத்தியே கிடையாது. ஆற்றங்கரையில் ஆளில்லாத ஓடம் ஒன்று கட்டிக் கிடக்கும், அவ்வளவுதான். அதற்குச் சொந்தக்காரி இவள் என்று ரசிகர்களே ஒருத்தியைக் கற்பனை செய்து, பத்து வருஷமாகத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். பத்தாம் ஆண்டு மலரின் அட்டைக்கு நடந்த போட்டியில் சுண்டெலியின் படத்துக்குத்தான் அதிக ஓட்டு.

“நாலு மாசம் டேப்லெட்ல உட்கார்ந்து வரைஞ்சேங்க. ஈரத் துடுப்போட பளபளப்புக்கே மூணு வாரம் ஆச்சு. ஒவ்வொரு கட்டத்தையும் சேமிச்சு வெச்சிருக்கேன், அனுப்பட்டுமா?”

“அதையும் ஏஐயே பண்ணிக் குடுத்துடுது.”

மந்திரிக்கு இடப்பக்கம் இருந்த பெண் நடுவர் பள்ளிக்கூட டீச்சர். குரலில் பாசம் இருந்தது. “ஒத்துக்கிட்டா இதோட விட்டுடலாம்மா. இல்லேன்னா பொதுவுல அறிவிச்சு, உங்களை நீக்க வேண்டி வரும்.”

ஒன்பது வருஷமாகச் சுண்டெலியின் சிநேகிதர்கள் எல்லோரும் அந்த மன்றத்தில்தான் இருந்தார்கள்.

“எதை வெச்சு ஏஐன்னு சொல்றீங்க?”

“துடுப்பைப் பிடிச்சிருக்கே இடது கை, அதை வெச்சுத்தான். மெஷின் கோட்டை விடுறது எப்பவும் கையிலதான்.”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். துடைப்பக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, தன் கையையே பார்த்துப் பார்த்து வரைந்தது. மடிப்பு, நகம், புறங்கை நரம்பு, எதிலும் குறையில்லை.

“சரியாத்தானே இருக்கு?”

மூன்றாவது நடுவர், அதுவரை வாயே திறக்காத இளைஞன், குபீரென்று சிரித்துவிட்டான்.

அக்கா எட்டிப் பார்த்தாள். “எனக்கும் ஒண்ணும் தப்பாத் தெரியலையேடி!”

“பத்து வருஷமா ஓடக்காரியை நெஞ்சுல வெச்சிருக்கோம், எங்ககிட்டயே கதை விடாதீங்க” என்றார் மந்திரி. “பென்சில் பிடிக்கத் தெரியாத குழந்தைகூட இந்தத் தப்பைப் பண்ணாது. எண்ணிப் பாருங்க, ஆறு விரல்!”

சுண்டெலி ஒரு கணம் விழித்தாள். பிறகு, மேஜைக்கு அடியில் மடிமேல் கிடந்த இடது கையை எடுத்து, கேமரா முன்னால் விரித்துப் பிடித்தாள்.

மூன்று முகங்களும் திரையை ஒட்டி வந்தன. டீச்சரின் உதடுகள் மெல்ல அசைந்தன. ஒரு தடவை, இன்னொரு தடவை.

“மந்திரி... இங்கயும் ஆறு.”