நாலும் சிவப்பு

குழந்தை எடுத்துக் கொடுத்த பொட்டலத்தை ராஜரத்தினம் பிரித்தார். உள்ளே செவ்வரளி.

"நாலாவது தடவை பங்கஜம்! நாலு வரனுக்கும் சிவப்பு!" என்று அம்மன் சந்நிதியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பங்கஜம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "விடுங்க, அம்மாவுக்கு இஷ்டமில்ல போல" என்று கணவரைத் தூக்கிவிட்டாள்.

பாண்டி பஜாரில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் அந்தக் குடும்பத்தில், பூப் போட்டுப் பார்க்காமல் எந்தக் கல்யாணமும் பேசியதில்லை. ஒரு பொட்டலத்தில் வெள்ளை நந்தியாவட்டை, ஒன்றில் செவ்வரளி. கோயிலுக்கு வந்த ஏதாவது ஒரு குழந்தை எடுக்கும். வெள்ளை வந்தால் பேசலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். பொட்டலம் கட்டுவது பங்கஜத்தின் வேலை.

நாலு தடவையும் இரண்டு பொட்டலத்திலும் அவள் சிவப்பையேதான் வைத்தாள். "சேரனைத் தவிர யாரையும் கட்டிக்க மாட்டேம்மா. அவருக்கு வேலை நிரந்தரமானதும் அப்பாகிட்ட வந்து பேசுவார். அதுவரைக்கும் எப்படியாவது தள்ளிப்போடு" என்று அழுத மகள் தீபிகாவுக்காக வேறு என்னதான் செய்வாள்?

ஆனால் மனுஷன் இப்படி உடைந்துபோவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. பனகல் பார்க் சிக்னலில் சிவப்பு விழுந்தால்கூட, "பார்த்தியா, விட மாட்டேங்குது" என்றார். காலையில் கடைக்கு வந்த முதல் ஆள் சிவப்புப் புடவை எடுத்தால் போதும், முகம் செத்துப்போகும். சாப்பாடும் பாதியானது.

"என் தங்கச்சி ஆசைப்பட்டவனைக் கட்டிக்க விடாம அடிச்சு இழுத்துட்டு வந்தேனே... அந்தப் பாவம்தான் இப்ப என் பொண்ணு தலையில விடியுது" என்று ஒரு நாள் விம்மினார்.

பங்கஜம் தன்னையே திட்டிக்கொண்டாள். அடிப்பாவி, செய்தது நான், சுமப்பது இந்த மனுஷனா?

ஐந்தாவதாக ஓர் அசோக் நகர் வரன் வந்தது. இந்தத் தடவை ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு என்று ஒழுங்காகக் கட்டினாள். "இனிமே உன் பாடு தாயே, நான் குறுக்க வர மாட்டேன்."

கோயில் வாசலில் ராஜரத்தினம் கை நீட்டினார். "பையைக் குடு. நீ போய் விளக்கேத்திட்டு வா."

அவள் விளக்கேற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு சின்னப் பெண் பொட்டலத்தை எடுத்தது. வெள்ளை!

பங்கஜத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மகளைத் தனியே அழைத்தாள்.

"நாலு தடவை அம்மனை ஏமாத்தினேன்டி. நேர்மையா கட்டின முதல் தடவையே வெள்ளையைக் குடுத்துட்டா. இதுக்கு மேல அவளை எதிர்த்துக்க என்னால முடியாது."

"அம்மா, இருந்ததே ரெண்டு பூ! ஏதோ ஒண்ணு வரத்தானே செய்யும்?" என்று தீபிகா கத்தினாள்.

பங்கஜம் பெற்ற மகளின் காலைப் பிடித்தாள். "அப்பா படற பாட்டைப் பார்த்தேல்ல? அம்மன் வாக்கும்மா, மீறாத." தீபிகா அழுது அழுது ஓய்ந்து, கடைசியில் சேரனின் நம்பரை பிளாக் செய்தாள்.

கல்யாணம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறிப் போனார்கள். தீபிகா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. காலியான மண்டபத்தில் ராஜரத்தினம் மனைவியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தலை நிமிரவில்லை.

"பங்கஜம், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். மனசு அறுக்குது. அஞ்சாவதும் சிவப்பு வந்துட்டா நம்ம பொண்ணுக்குக் கல்யாணமே ஆகாதுன்னு பயந்துட்டேன்."

"அதுக்கு என்னங்க இப்ப? அதான் அம்மனே வெள்ளையைக் குடுத்துட்டாளே!"

"அவ எங்க குடுத்தா? சிவப்பை எடுத்துட்டு, ரெண்டுலயும் நான்தான் வெள்ளையை வெச்சேன்."