முன்வரிசையில் ஓர் இடம்

எங்கள் மகன் ஜெரோம் படித்த தாம்பரம் பள்ளியில், இறந்துபோன மாணவனின் இடத்தை விளையாட்டு விழா அணிவகுப்பில் காலியாகவே விடுவார்கள். 1987இல் ப்ளூ ஹவுஸ் முன்வரிசையில் அவன் இடம் காலியாக இருந்தது. "கப் வாங்காம ஸ்கூலை விட்டுப் போக மாட்டேன்ப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தவன்.

முந்தின நாளே என் மனைவி அமலராணி அவனுடைய கான்வாஸ் ஷூவைத் துவைத்து, வெள்ளை பாலிஷ் போட்டு, ஜன்னலில் காயவைத்திருந்தாள். காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனோம்.

"நடுவுல இடம் விட்டா பசங்க நெருங்கிடுவாங்க சார். இன்னிக்கு ஒருத்தன்கூட நெருங்கல," என்றார் பி.டி. மாஸ்டர். கப் ப்ளூ ஹவுஸுக்கே கிடைத்தது.

திரும்பி வந்தபோது ஷூ ஜன்னலில்தான் இருந்தது. அடியில் மைதானத்துச் செம்மண் ஒட்டியிருந்தது. நான் துணியை எடுத்தேன்.

"தொடைக்காதீங்க," என்றாள் அமலராணி. "ஜெயிச்சுட்டு வந்த மண்ணு."