நான்காவது இடம்

தகரக் கூரை வெயிலில் சடசடக்கிறது. போர் முடிந்து சனங்கள் மீள்குடியேறி எட்டு மாதமான வெள்ளாங்குளத்தில், சுவரில்லாத வகுப்பறையில், பிரேமினி ரீச்சர் ஈரத்துணியால் கரும்பலகையைத் துடைக்கிறாள். சோறு, மீன், பருப்பு, பால், கீரை என்ற ஐந்து சொற்களும் கரைந்து போகின்றன. ஞாபகசக்தி பற்றி மன்னாரில் நடந்த பயிற்சியில் கற்றதை இன்றைக்குத்தான் முதன்முதலாகச் செய்து பார்க்கிறாள். "கண்ணை மூடுங்கோ பிள்ளையள். உங்கடை வீட்டுக்குள்ளை நடந்து போய், ஒவ்வொரு இடத்திலையும் ஒரு சாப்பாட்டை வையுங்கோ. பிறகு அதே வழியாலை நடந்தால் ஒண்டும் மறக்காது." முன்வரிசை வாங்கில் இருக்கும் துசாந்தினி கண்ணை மூடாமல் கேட்கிறாள், "எந்த வீடு ரீச்சர்?" துணியிலிருந்து வெள்ளைத் தண்ணீர் சொட்டுகிறது. பிள்ளைகள் வாழும் தறப்பாள் கூரைக் கொட்டிலுக்கு அறை ஏது என்பது ரீச்சருக்கு இப்போதுதான் உறைக்கிறது. "நீ இருந்த இடங்கள் எதெண்டாலும் சரியம்மா."

துசாந்தினி கண்களை இறுக மூடுகிறாள். மடியில் விரல்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. "சோறு இஞ்சை, வெள்ளாங்குளத்திலை. மீன் கிளிநொச்சியிலை. பருப்பு தருமபுரத்திலை." நான்காவது விரல் பாதி மடிந்து நிமிர்கிறது. "கீரை செட்டிகுளம் முகாமிலை."

"கெட்டிக்காரி. பாலை மட்டும் மறந்திட்டாய்" என்கிறாள் ரீச்சர்.

துசாந்தினி இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

"மறக்கேல்லை. மாத்தளனிலை வைச்சனான், தம்பியை மண்ணுக்குள்ளை தாட்ட இடத்திலை. கடைசிவரைக்கும் பாலுக்குத்தான் அழுதவன். அது அவனிட்டையே இருக்கட்டும் ரீச்சர்."