அடையாளத் துண்டு

பாளையங்கோட்டையில் எங்கள் ஆய்வகம். நாங்கள் தயாரிக்கும் புரதம் ஒவ்வொன்றின் நுனியிலும் சிறு அடையாளத் துண்டு ஒன்றை இணைப்போம். எந்த உயிரிலும் இயற்கையாக இல்லாத, மனிதர்கள் வகுத்த துண்டு அது. படலத்தில் ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு தடம்; துண்டு இருக்கும் தடத்தில் மட்டும் அதைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி ஒட்டி, கறுப்புக் கோடாகத் தெரியும்.

மூன்று வாரமாக, வெறும் தண்ணீர் விட்ட தடத்திலும் கோடு விழுந்தது. தண்ணீரை விடுவது நான்தான். ஆனாலும் என்னுடன் வேலை பார்க்கும் சுஜின் மேல்தான் எனக்குச் சந்தேகம். முகக்கவசத்தை இறக்கிவிட்டுப் பேசிக்கொண்டே இருப்பான். அவனிடமே சொன்னேன்.

"எச்சி தெறிச்சா கோடு விழுமா? சோதிச்சே பாத்துருவோம்" என்றான்.

இருவர் எச்சிலையும் அடுத்தடுத்த தடங்களில் விட்டோம். மாலையில் அவன் தடம் வெறுமையாக இருந்தது. என் தடத்தில் கறுப்பாக ஒரு கோடு.

"ஊத்தும்போது மாறியிருக்கும், ஃபஹ்மிதா."

மறுபடி செய்தோம். மாறவில்லை. சுஜின் தன் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டான்.

ஏரலில் இருக்கும் உம்மாவை ஃபோனில் அழைத்தேன். சோதனையைப் பற்றிச் சொல்லவில்லை.

"உம்மா, நான் எங்க வச்சுப் பொறந்தேன்?"

அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது.

"யாரு கண்டுபுடிச்சாவ?" என்றாள் உம்மா.