சென்னை பஸ்ஸில் வந்த மருந்து

சென்னையிலிருந்து கும்பகோணம் போகிற பஸ் ஆர்ச் கேட் ஸ்டாப்பில் நின்றதும் தெய்வசிகாமணி டிரைவர் பக்கமாக ஓடினார்.

"முயல் மருந்துங்களா?" என்று கேட்டபடி டிரைவர் ஒரு சின்ன அட்டைப்பெட்டியை ஜன்னல் வழியாக நீட்டினார். சிரிக்கவில்லை. அதற்கே அவருக்கு நன்றி சொல்லத் தோன்றியது.

மற்ற இடங்களில் எல்லாம் சிரித்திருந்தார்கள்.

போன வாரம் முயல் பஞ்சுவின் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. நடக்கப் பார்த்தால் உருண்டு விழுந்தது. கால்நடை டாக்டர் மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, இது இந்தப் பக்கம் கிடைக்காது என்றும் சொன்னார்.

வடலூர், குறிஞ்சிப்பாடி, கடலூர். மாட்டுக்கு மருந்து உண்டு, ஆட்டுக்கு உண்டு, கோழிக்கு அலமாரி நிறைய உண்டு. குறிஞ்சிப்பாடிக் கடைக்காரர், "இதுக்குப் போயி அலைஞ்சிகினு இருக்கீங்களே, வேற ஒண்ணு வாங்கிக்கலாமுங்களே" என்றார்.

ஷிஃப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்குத் திரும்பினால், கதவுச் சத்தத்துக்குக் காதை நிமிர்த்த அது ஒன்றுதான் இருந்தது.

வேறு வழி தெரியாமல்தான் சென்னையில் இருக்கும் மகளுக்குப் பஞ்சுவின் வீடியோ ஒன்றை அனுப்பினார். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை. தன் அம்மா ராஜாம்பாள் இறந்த நாளோடு அவரிடம் பேச்சை நிறுத்தியவள் மலர்விழி. நோயில் கிடந்த அம்மாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று பஞ்சுவை வாங்கி வந்தவளும் அவள்தான்.

உடனே போன் வந்தது. அதன்பிறகு தினமும் வந்தது.

என்ன சாப்பிட்டது, கண் எப்படி இருக்கிறது, விழாமல் இருக்க இரண்டு பக்கமும் துணி சுருட்டி வைத்தீர்களா. முயலைத் தவிர வேறு எதையும் அவள் கேட்கவில்லை. இரண்டு வருடமாகக் கேட்காத குரல். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

பஸ் போய்விட்டது. போன் அடித்தது.

"மருந்து வந்துடுச்சாப்பா?"

"வந்துடுச்சும்மா."

"அப்ப உடனே போயி குடுத்துடுங்க. ஊசி இல்லாத சிரிஞ்ச் உள்ளயே இருக்கு. வாயோரமா, மெதுவா. புரையேறாம பாத்துக்குங்க."

சரி என்று சொல்லிவிடலாம். நாளைக்கும் கூப்பிடுவாள். கொஞ்சம் தேறியிருக்கிறது என்று சொன்னால் இன்னும் சில நாள் ஓடும்.

மத்தியானமே பஞ்சு போய்விட்டது. அவர் மடியில்தான். பின்பக்கம் கொய்யா மரத்தடியில் புதைத்துவிட்டு, கை கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு, மருந்து வாங்க வந்திருந்தார்.

"என்னப்பா, லைன்ல இருக்கீங்களா?"

"பஞ்சு இல்லம்மா" என்றார். "மத்தியானமே..."

அந்தப் பக்கம் அழுகை கேட்டது. பிறகு அதுவும் நின்றது. இனிமேல் கேட்பதற்கு என்ன இருக்கிறது, வைத்துவிடுவாள். அவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். லைன் இருந்தது.

திரும்பக் காதில் வைத்தபோது ஓர் ஆண்குரல்.

"மாமா, நான் நிலவன் பேசறேன். நீங்க சாப்டீங்களா?"

மகளின் கணவன். மருந்தைத் தேடி வாங்கி பஸ்ஸில் ஏற்றிவிட்டதும் அவனாகத்தான் இருக்க வேண்டும்.

ராஜாம்பாளை எடுத்த அன்று மாலையோடு வந்தவனை, நம்ம ஆள் இல்லை என்று வீட்டு கேட்டிலேயே மறித்துத் திருப்பி அனுப்பியவர் தெய்வசிகாமணி. மாலையைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, எதுவும் பேசாமல் அவன் போனான்.

அந்தக் குரலை அவர் இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறார்.