கொழுத்த சாட்சி

துபாயிலிருந்து லீவில் வந்த ஹசன் அலி, உடம்பைத் தேற்றும் எட்டு வகைச் சர்க்கரைச் சத்து அடங்கியதென்று டப்பா டப்பாவாக மாத்திரை கொண்டுவந்திருந்தான். தினமும் மனைவி லாமியாவின் கையில் ரெண்டைத் திணித்துவிட்டுத்தான் கடைத்தெருவுக்கே போவான்.

ஒருநாள் லாமியா பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள்.

"இந்தச் சத்தெல்லாம் நம்ம கடல்பாசியிலயும் காளான்லயும் இல்லாததாங்க? குர்பானிக்கு வளக்குற ஆட்டைப் பாருங்க. மாத்திரையா தின்னுச்சு? இலை தழைதான். எப்படி மினுமினுன்னு நிக்குது!"

ஹசன் அலி ஆட்டைத் தடவிப் பார்த்தான். கீழக்கரையிலேயே இப்படியோர் ஆடு இல்லையென்று தெருவே சொல்லிக்கொண்டிருந்தது.

"நீ சொல்றதுதான் புள்ள சரி" என்றவன், மிச்ச டப்பாக்களை அள்ளிப்போய்க் கடலில் கொட்டிவிட்டு வந்தான்.

லாமியாவுக்குப் பகீரென்றது. பெருநாளுக்கு இன்னும் நாள் கிடக்கிறதே! அதுவரை ஆட்டுக் கஞ்சியில் கரைத்து ஊற்ற, இனி மாத்திரைக்கு எங்கே போவாள்?